விடுபட்ட காற்புள்ளி, மாறிய நட்சத்திரம்: ஜாவாவிலிருந்து ஆப்ஜெக்டிவ்-சிக்கு வந்த ஒரு மாறிலி அணி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு இந்திராநகரில் ஆறு பேர் வேலை செய்த ஒரு சிறிய நிறுவனத்தில், 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இது நடந்தது. அங்கே நிரல் குழுவுக்கு நான் பொறுப்பாளர். தமிழ்ப் பஞ்சாங்கச் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டில் இரண்டு ஆண்டுகளாக நடத்திவந்தோம். திதி, நட்சத்திரம், யோகம், கரணம், இராகு காலம் ஆகியவை அதில் உண்டு. பயனர்கள் பெரிதும் நம்பியது இன்னொரு வசதியை. வீட்டில் உள்ளவர்களின் பிறந்த நட்சத்திரத்தைப் பதிந்துவைத்தால், மாதந்தோறும் அந்த நட்சத்திரம் வரும் நாளில் விடிகாலையிலேயே ஓர் அறிவிப்பு வரும். அதைப் பார்த்து அர்ச்சனைக்குப் போகிற குடும்பங்கள் அல்சூரிலும் மர்பி டவுனிலும் சிவாஜி நகரிலும் நிறைய உண்டு.

அதையே ஐபோனுக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஸ்விஃப்ட் மொழி 2014-இல்தான் வந்திருந்தது. பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டிருந்தது. எங்கள் வானியல் கணக்குகளோ சி மொழியில் இருந்தன. ஆகவே ஆப்ஜெக்டிவ்-சியைத் தேர்ந்தோம். 1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் சி மொழியின் மேல், பொருள்களுக்குச் செய்தி அனுப்பி வேலை வாங்கும் ஸ்மால்டாக் மொழியின் பாணியை ஏற்றி உருவாக்கிய மொழி அது. அடியில் இருப்பது முழுமையான சி என்பதை நாங்கள் வசதியாக மட்டுமே பார்த்தோம். பின்னால் வந்த சிக்கல் முழுவதும் அந்த அடித்தளத்திலிருந்துதான் கிளம்பியது.

எழுதும் பொறுப்பை ஏற்றவர் ஜாவாவில் எட்டு ஆண்டு அனுபவமுள்ள கோயம்புத்தூர்க்காரர். கவனமாக வேலை செய்பவர். நடந்ததற்கு அவருடைய கவனக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்; அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம்: அணியை எங்கே வைப்பது

செயலியின் மையத்தில் ஓர் அணி (மதிப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டியல், array) உண்டு: அஸ்வினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரப் பெயர்கள். கணக்குப் பகுதி பூச்சியம் முதல் 26 வரை ஓர் எண்ணைத் தரும். அந்தச் சுட்டெண்ணில் உள்ள பெயர் திரைக்கு வரும். ஜாவாவில் ‘ஸ்டாட்டிக் ஃபைனல்’ என்று எழுதி, நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயர்களை அடுக்கியிருந்தோம். அது எப்போது உருவாகிறது என்று யாரும் யோசித்ததில்லை. வகுப்பு முதன்முறை பயன்படும்போது ஜாவாவே உருவாக்கிக்கொள்ளும்.

கோயம்புத்தூர் நண்பர் அதே வடிவத்தை ஆப்ஜெக்டிவ்-சியில் எழுதினார். கோப்பின் மேல்மட்டத்தில், எந்தச் செயற்கூற்றுக்கும் (function) வெளியே, ஆப்பிளின் அணி வகையான என்எஸ்அர்ரேயில் ஒரு மாறியை அறிவித்து, 2012 முதல் கிடைத்த @[ ] என்ற சுருக்க வடிவில் பெயர்களை அடுக்கினார். நிரலை இயந்திர மொழிக்குத் தொகுக்கும் கம்பைலர் மறுத்துவிட்டது. தொடக்க மதிப்பு தொகுக்கும் நேரத்திலேயே தெரிந்த மாறிலியாக இல்லை என்பது அது சொன்ன காரணம்.

“எல்லாமே மேற்கோளுக்குள் இருக்கிற பெயர்கள்தானே அண்ணா, இதைவிட மாறிலி வேறு என்ன வேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. @"அஸ்வினி" என்ற ஒற்றைச் சரத்தை (எழுத்துத் தொடரை) கம்பைலரே தயாரித்து நிரல் கோப்புக்குள் பதித்துவிடும்; ஆகவே அது மாறிலி. ஆனால் @[ ] என்பது அப்போதைய கம்பைலரில் தயாரான பொருள் அல்ல, பொருளை உருவாக்கச் சொல்லும் ஒரு செய்தி அழைப்பு. நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த அணி பிறக்கும். சி மொழியோ மேல்மட்ட மாறிக்கு ஓட்டத்துக்கு முன்பே மதிப்பு வேண்டும் என்கிறது. ஜாவாவிலிருந்து வருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்: மதிப்பு மாறாது என்பது வேறு, மதிப்பு முன்கூட்டியே தெரியும் என்பது வேறு.

இரண்டு நாள் மாற்று வழிகளைத் தேடினார். பெயர் வரும் இடமெல்லாம் நிரல் துண்டு அப்படியே ஒட்டப்படும் மேக்ரோவாக எழுதிப் பார்த்தார்; ஓடியது, ஆனால் பெயரைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் புதிய அணி உருவாயிற்று. கோப்பை ஆப்ஜெக்டிவ்-சி++ ஆக மாற்றினால் கம்பைலர் ஏற்கும் என்று கண்டுபிடித்தார்; ஓர் அணிக்காகக் கோப்பின் மொழியையே மாற்ற வேண்டாம் என்று நான் தடுத்தேன். கடைசியில் என்எஸ்அர்ரேயை விட்டுவிட்டுச் சாதாரண சி அணிக்கு வந்தோம். ஒவ்வோர் இடத்திலும் என்எஸ்ஸ்ட்ரிங் சுட்டு (சரம் இருக்கும் நினைவக முகவரி), அந்தச் சுட்டு மாறாதபடி * குறிக்குப் பின்னால் ‘கான்ஸ்ட்’. கம்பைலர் உடனே ஏற்றது.

அதில் எனக்கு மகிழ்ச்சியும் இருந்தது. ஜாவாவின் ‘ஃபைனல்’ அணியின் பெயரை மட்டுமே பூட்டுகிறது. உள்ளே இருக்கும் பெயர்களை யாரும் மாற்றலாம். ஆண்ட்ராய்டுப் பதிப்பில் ஒருமுறை தேடல் திரைக்காக ஒருவர் அந்த அணியையே அகரவரிசைப்படுத்திவிட, செயலியை மூடித் திறக்கும்வரை எல்லா நட்சத்திரங்களும் இடம் மாறியிருந்தன. இங்கே ஓர் இடத்துக்குப் புதுப் பெயர் கொடுக்க முயன்றாலே கம்பைலர் தடுத்துவிடும்.

எண்ணிக்கையைக் கையால் எழுதியது

அடுத்த இடறல் நீளம். ஜாவாவில் அணியோடு அதன் நீளமும் கூடவே போகும். சி அணிக்கு அப்படி ஒன்று இல்லை. முழு அணியின் அளவை ஓர் உறுப்பின் அளவால் வகுத்து எண்ணிக்கையைப் பெறலாம் என்று படித்து, அந்தக் கணக்கைத் தேர்வுத் திரையை நிரப்பும் செயற்கூற்றுக்குள் எழுதினார் நண்பர். திரையைத் திறந்தால், பெயர்களைச் சுழற்றித் தேரும் உருளையில் அஸ்வினி மட்டும் தனியாக நின்றது. அணியைச் செயற்கூற்றுக்கு அனுப்பும்போது போய்ச் சேர்வது முதல் உறுப்பின் முகவரி மட்டும்தான். 64-பிட் கைபேசியில் முகவரியின் அளவு எட்டு பைட். உறுப்பும் ஒரு முகவரிதான், அதுவும் எட்டு. எட்டை எட்டால் வகுத்தால் ஒன்று.

இதைச் சரிசெய்ய நாங்கள் எடுத்த முடிவுதான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது. நட்சத்திரங்கள் 27 என்பது மாறப்போவதில்லையே என்று, அணியின் அறிவிப்பில் சதுர அடைப்புக்குள் 27 என்று எழுதினோம். அணியை வரிசையாகப் பார்க்கும் சுற்றுகளிலும் (loop) 27. நானே அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். ஜாவாவில் பெயர்களை அடுக்கும்போதே எண்ணிக்கையையும் எழுத மொழி விடாது. இரண்டும் முரண்பட வழியே இல்லை. சியில் விடும். சொன்ன எண்ணிக்கையைவிடப் பெயர்கள் குறைந்தால், மீதி இடங்களை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வெறுமையாக்கிவிடும்.

கவனித்தவை

எட்டு நாள் சோதித்தோம். அந்த நாட்களில் சந்திரன் ரோகிணியிலிருந்து பூரம்வரை நகர்ந்தது. ஒவ்வொரு நாளும் அச்சுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டோம்; எல்லாம் சரி. தேர்வு உருளையையும் முதல் நாளே சோதித்து முடித்திருந்தோம்.

ஒப்படைப்பதற்கு முன்பாகச் சில பெயர்களின் எழுத்துமுறையைத் திருத்தினோம். ‘அனுசம்’ என்றிருந்ததை ‘அனுஷம்’ ஆக்கியதும் அதில் ஒன்று.

ஆப் ஸ்டோர் பரிசீலனை முடிந்து செயலி வெளியான இரண்டாம் நாள் ஒரு பயனர் எழுதியிருந்தார்: தேர்வு உருளையில் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. இடைவெளிப் பிழை என்று நினைத்து அடுத்த பதிப்புக்கான பட்டியலில் சேர்த்துவைத்தேன். ஒட்டியிருந்த பெயர்கள் எவை என்று கூட நான் கேட்கவில்லை.

சில நாள் கழித்துக் காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத் தொலைபேசியில் ஓர் அம்மா பேசினார். அல்சூரில் இருப்பவர். மகனுக்குக் கேட்டை நட்சத்திரம். “இன்று கேட்டை என்று உங்கள் செயலி சொன்னதால்தான் தம்பி கோயிலுக்குப் போனேன். அர்ச்சகர் பஞ்சாங்கத்தைப் பிரித்துக் காட்டினார். இன்று அனுஷம், கேட்டை நாளைக்குத்தான் என்றார். தட்டோடு திரும்பி வந்தேன்” என்றார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

தவறான முதல் கணிப்பு

நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே பதிவுசெய்ய வேண்டும். “அர்ச்சகர் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பார் அம்மா, எங்களுடையது திருக்கணிதம். அதனால் வித்தியாசம் வரும்” என்றேன். பஞ்சாங்கச் செயலி நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன பதில். இரண்டு முறைகளுக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில மணி நேர வேறுபாடு வருவது உண்மை. வருகிற புகார்களில் பெரும்பாலானவை அதனாலேயே வரும். எனவே பதில் தயாராக நாவில் இருந்தது. ஒரு நாள் முழுவதும் வீணாயிற்று.

மறுநாள் அந்த அம்மா வீட்டுத் தினசரி நாள்காட்டியின் தாளையும் கைபேசித் திரையையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அந்த நாள்காட்டி திருக்கணிதப்படி அச்சிட்டது. அதில் கேட்டை, எங்கள் திரையில் மூலம். சில மணி நேரம் முன்பின்னாக இருந்தால் முறை வேறுபாடு எனலாம். நாள் முழுவதும், இரண்டு நாளாக, சரியாக ஒரு நட்சத்திரம் தள்ளிப்போவதற்கு அது காரணமாக முடியாது.

சோதனைக் கைபேசியின் தேதியை ஒவ்வொரு நாளாக முன்னே தள்ளி, நானும் நண்பரும் மாதம் முழுவதையும் பார்த்தோம். அஸ்வினி முதல் சுவாதிவரை பதினைந்தும் சரி. விசாகத்தன்று பெயர் நீண்டு, இடம் போதாமல் மூன்று புள்ளிகளோடு முடிந்தது. அதன்பின் பத்து நாள் தொடர்ந்து அடுத்த நட்சத்திரத்தின் பெயர். ரேவதி நாளில் திரையில் பெயரே இல்லை, வெற்றிடம். அன்றைய அறிவிப்பில் மட்டும், பெயர் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நல்’ (null, வெறுமை) என்ற கணினிச் சொல் நின்றது.

வெற்றிடத்தைக் கண்டதும் பஞ்சாங்க முறை பற்றிய பேச்சு முடிந்தது. எந்த முறையிலும் நட்சத்திரம் இல்லாத நாள் கிடையாது.

காரணம்

அணியைத் திறந்தோம். நான்கு வரிகள் இப்படி இருந்தன:

@"சுவாதி",
@"விசாகம்"
@"அனுஷம்",
@"கேட்டை",

விசாகத்துக்குப் பின் காற்புள்ளி இல்லை. அனுஷத்தின் எழுத்தைத் திருத்தும்போது மேல் வரியின் முனையிலிருந்து அழிந்திருக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சரங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவது சி மொழியின் பழைய விதி. ஆப்ஜெக்டிவ்-சிக்கும் அது உண்டு. நீண்ட வாக்கியத்தை இரண்டு வரியாகப் பிரித்து எழுத உதவும் விதி. இங்கே அது இரண்டு நட்சத்திரங்களை ஒன்றாக்கி, 27 பெயரை 26 ஆக்கியது. நாங்கள் எழுதிய 27, அந்தக் குறையை ஒரு வெற்றுச் சுட்டால் நிரப்பி மறைத்தது.

ஜாவாவாக இருந்தால் இந்த வரி தொகுப்பிலேயே நின்றிருக்கும். அங்கே சரங்களைச் சேர்க்கக் கூட்டல் குறி வேண்டும். அதையும் தாண்டி ஒரு வெற்றிடம் வந்திருந்தால், ரேவதி நாளில் அதன்மேல் செயற்கூற்றை அழைத்ததுமே செயலி விழுந்து, பதிவேட்டில் தடம் விட்டிருக்கும். ஆப்ஜெக்டிவ்-சியில் வெற்றுச் சுட்டுக்குச் செய்தி அனுப்பினால் எதுவும் நடக்காது. பூச்சியமோ வெறுமையோ திரும்பி வரும், அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளாக நண்பரைக் காத்துவந்த இரண்டு காவல்கள் இங்கே இல்லை. அவை இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டோம். பெயர்களை @[ ] வடிவில் எழுதியிருந்தால், காற்புள்ளி விடுபட்டிருக்கலாம் என்று நாங்கள் பயன்படுத்திய கிளாங் கம்பைலரே எச்சரித்திருக்கும். சி அணிக்கு எங்களிடம் இருந்த பதிப்பு எச்சரிக்கவில்லை.

அன்று எடுத்த முடிவுகள்

காற்புள்ளியைச் சேர்ப்பது ஒரு நொடி வேலை. ஆனால் சேர்த்துவிட்டு உடனே வெளியிட முடியவில்லை. அந்த அம்மா உருளையில் ‘கேட்டை’ என்று பார்த்துத் தேர்ந்தபோது, கைபேசியில் பதிவானது பெயர் அல்ல, 16 என்ற சுட்டெண். அணியைச் சரிசெய்ததும் 16 அனுஷமாகிவிடும். அவருடைய மகனின் நட்சத்திரமே மாறிப்போகும். பிழையைத் திருத்தும் பதிப்பு, பயனர் சரியாகத் தேர்ந்ததைத் தவறாக்கும்.

நண்பர் சொன்ன வழி: புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போது, பதிவான எண் 16 முதல் 25 வரை இருந்தால் ஒன்றைக் கூட்டிவிடலாம். அது சரி. 15 என்று பதிந்தவர்களை என்ன செய்வது? ஒட்டிய பெயரைத் தொட்டவர் விசாகமா அனுஷமா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. விசாகம் என்று வைத்துக்கொள்ளலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று ஒரு கருத்து வந்தது. நான் ஏற்கவில்லை. அவர்களிடம் மன்னிப்போடு மறுபடி கேட்கும் திரை ஒன்றைச் சேர்த்தோம். கடைசி வெற்று வரியைத் தேர்ந்தவர்களுக்கும் அதே திரை.

அப்போது ஆப் ஸ்டோர் பரிசீலனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். விரைவுப் பரிசீலனை கேட்டு எழுதினோம். அதுவரை என்ன செய்வது என்பதில் நீண்ட விவாதம். செயலியின் மேல் விளிம்பில் சர்வரிலிருந்து வரும் ஒரு வரி அறிவிப்புப் பட்டை உண்டு. நட்சத்திரப் பெயர் தவறாக வருகிறது, அச்சுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று அதில் வெளிப்படையாகப் போட்டோம். வெளியான முதல் மாதத்திலேயே இப்படிச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று உரிமையாளர் தயங்கினார். பொய்யான நாளில் ஒருவர் கோயில் வாசலில் நிற்பதைவிட இது மேல் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை மெட்ரோவில் அடுத்த நிறுத்தமான அல்சூரில் இறங்கி அந்த அம்மாவைப் பார்த்தேன். பஞ்சாங்க முறை வேறுபாடு என்று நான் சொன்னது தவறு, பிழை எங்களுடையது என்று நேரில் சொன்னேன்.

நிலையான திருத்தம்

காற்புள்ளியைப் போட்டதோடு நிறுத்தாமல் அணியின் வடிவத்தையே மாற்றினோம். சதுர அடைப்புக்குள் இருந்த 27-ஐ எடுத்துவிட்டோம். அடைப்பு வெறுமையாக இருந்தால் கம்பைலர் தானே பெயர்களை எண்ணிக்கொள்ளும். அதன் கீழே, எண்ணிக்கை 27 இல்லையென்றால் தொகுப்பே நிற்க வேண்டும் என்று ஒரு நிலைச் சரிபார்ப்பு வரி. முன்பு போல 27-ஐ அடைப்புக்குள் வைத்துக்கொண்டு இந்தச் சரிபார்ப்பை எழுதியிருந்தால் அது எப்போதும் தேறிவிடும். நாம் எழுதிய எண்ணை நாமே சரிபார்த்ததாக ஆகும்.

பிறகு ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய எண்ணுப் பெயரோடு கட்டினோம். எண்ணுவகை (எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல், enum) ஒன்றில் 27 நட்சத்திரங்களையும் அறிவித்து, அணியில் ‘இந்தச் சுட்டெண்ணுக்கு இந்தச் சரம்’ என்று வரிக்கு வரி எழுதுவது சி மொழி அனுமதிக்கும் முறை. இதில் காற்புள்ளி விடுபட்டால் அடுத்த வரியின் சதுர அடைப்பு முந்தைய சரத்தோடு ஒட்டிப் பொருளற்ற தொடராகிவிடும், கம்பைலர் நிறுத்திவிடும். நண்பர் ஒவ்வொரு காற்புள்ளியாக எடுத்துப் பார்த்து, நிற்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார். ஆனால் நடுவில் ஒரு வரியையே விட்டுவிட்டால் எண்ணிக்கை 27 ஆகவே இருக்கும், அந்த இடம் மட்டும் வெறுமையாகும். அதற்காக எல்லா இடங்களையும் சுற்றி வெறுமையோ இரட்டிப்போ உண்டா என்று பார்க்கும் சோதனை ஒன்றை எழுதினோம்.

அணியில் இப்போது காட்சிப் பெயர்கள் இல்லை, பெயரைத் தேடி எடுக்க உதவும் திறவுச் சரங்கள் மட்டும். கன்னடத்திலும் பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பைத் தேடித் தருவது ஓட்ட நேர அழைப்பு. அதை மேல்மட்ட அணிக்குள் எழுதினால் முதல் வாரம் பார்த்த அதே மறுப்புதான் வரும். ஆகவே மொழிபெயர்ப்பு, பெயரைக் காட்டும் இடத்துக்கு நகர்ந்தது. பயனரின் தேர்வும் எண்ணாக அல்லாமல் அந்தத் திறவுச் சரமாகவே பதிவாகிறது.

விரத நாள் பட்டியல் போன்று, உள்ளே தேடவும் பிற செயற்கூறுகளுக்கு அனுப்பவும் வேண்டியவற்றை என்எஸ்அர்ரேயாகவே வைத்தோம். வகுப்புச் செயற்கூறு ஒன்றுக்குள் நிலை மாறி (static), அதை ஒரே முறை நிரப்ப ‘டிஸ்பாட்ச் ஒன்ஸ்’. பல இழைகள் (thread) ஒரே நேரத்தில் கேட்டாலும் அணி ஒருமுறைதான் உருவாகும். ஜாவாக்காரருக்குப் பழகிய ‘முதன்முறை பயன்படும்போது பிறக்கும்’ நடத்தைக்கு மிக அருகில் இருப்பது இதுதான். வகுப்பு முதன்முறை பயன்படும்போது ஓடும் ‘இனிஷியலைஸ்’ செயற்கூறும் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். துணை வகுப்பு அதைத் தனியாக எழுதாவிட்டால் தாய் வகுப்பினுடையதே மறுபடி அழைக்கப்படும் என்பதால் தவிர்த்தோம்.

பின்விளைவு

விரைவுப் பரிசீலனை கிடைத்து இரண்டு நாளில் புதிய பதிப்பு வெளியானது. அறிவிப்புப் பட்டையை மேலும் ஒரு மாதம் வைத்திருந்தோம்; பழைய பதிப்பைப் புதுப்பிக்காதவர்களுக்கு மட்டும் தெரியும்படி. பட்டையைப் பார்த்துச் செயலியை நீக்கியவர்கள் சிலர் உண்டு. எழுதி நன்றி சொன்னவர்களும் உண்டு. மறுபடி கேட்கும் திரையில் அனுஷத்தைத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஊகித்திருந்தால் அத்தனை பேருக்கும் தவறிழைத்திருப்போம்.

யோகம், கரணம், திதி, மாதம் ஆகிய மற்ற அணிகளையும் அதே வடிவுக்கு மாற்றினோம். அவற்றில் பிழை இல்லை. கரணங்கள் 11 என்ற இடத்தில் மட்டும் யாரோ ஒரு சுற்றில் 12 என்று கையால் எழுதியிருந்தது அப்போது வெளிப்பட்டது.

மாற்றிச் செய்வது

ஒட்டிய பெயர் பற்றிய முதல் கடிதத்தை இன்று அப்படிக் கடந்துபோகமாட்டேன். “எந்த இரண்டு பெயர்?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் அந்த அம்மா கோயிலிலிருந்து திரும்பியிருக்க நேர்ந்திராது. புகார் வந்ததும் பழகிய பதிலைச் சொல்லும் வழக்கத்தையும் நிறுத்தினோம். முறை வேறுபாடு என்று சொல்வதற்கு முன், இரண்டு முறைகளிலும் அன்றைய முடிவு நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

சோதனையை உண்மையான நாட்களோடு கட்டிவைத்ததும் தவறு. சந்திரன் ஒரு சுற்று முடிக்க 27 நாளுக்குச் சற்று மேல் ஆகும். எட்டு நாள் பார்த்தால் எட்டு நட்சத்திரம்தான் பார்க்கிறோம். இப்போது தேதியை நிரலிலேயே நகர்த்தி ஒரு முழு ஆண்டை ஓட்டிப் பார்க்கிறோம்.

ஜாவாவிலிருந்து புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் அந்தப் பழைய கோப்பையே கொடுக்கிறோம், 27 என்று கையால் எழுதியபடியே, காற்புள்ளி இல்லாமலே. தொகுக்கச் சொல்கிறோம். ஓர் எச்சரிக்கையும் வராது. பிறகு தேதியை ரேவதிக்கு நகர்த்தச் சொல்கிறோம். அந்த வெற்றுத் திரைக்கு முன் உட்கார்ந்து காரணத்தை அவரே தேடட்டும் என்று கோயம்புத்தூர் நண்பர்தான் இதைத் தொடங்கிவைத்தார்.